சாவிக்கொத்தும் ரோஜாவும்

2011-இல் நான் பொறியியல் கடைசி வருடம். ஹாஸ்டலில் எங்கள் தளம் முழுக்க 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' காய்ச்சல். ஆளுக்கொரு குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஓநாய்க்கொடி ஸ்டார்க் ஒரு கோஷ்டி, சிங்கக்கொடி லானிஸ்டர் ஒரு கோஷ்டி. டிராகன் கோஷ்டிதான் பெரியது. நான் மட்டும் டைரெல் பக்கம். அவர்கள் கொடியில் இருப்பது ஒரு தங்க ரோஜா. "பூ கட்சி" என்று ஓட்டினார்கள். ஏன்டா இவங்களைப் பிடிச்சிருக்கு என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "அவங்க ஊர்ல சோறு இருக்கு." மூன்று வருடம் மெஸ் சாப்பாடு சாப்பிட்டவனுக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

இத்தனை வருடம் கழித்து அந்தப் பதிலை மறுபடி யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் ஊரில் சோறு இருந்தது, சரி. ஆனால் அதன் சாவி யார் கையில் இருந்தது? எப்படி அந்தக் கைக்குப் போனது? அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கற்பனை நாட்டுக்கு எதற்கு வரலாற்றுக் கட்டுரை என்று கேட்கலாம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் அந்த நாட்டுக்குக் கதையோடு சேர்த்து வரலாறும் எழுதினார். முதல் நாவல் 1996-இல் வந்தது. 2014-இலும் 2018-இலும் வந்த இரண்டு தடித்த புத்தகங்கள், அந்த உலகத்துப் பண்டிதர்களே எழுதிய வரலாற்று நூல்கள் என்ற பாவனையில் இருப்பவை. ஆகவே அதை வரலாறாகவே வாசிப்பதில் தப்பில்லை.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். வெஸ்டரோஸ் கண்டத்தின் தென்மேற்கில் ரீச் என்றொரு பிரதேசம். நடுவே மாண்டர் என்ற பெரிய ஆறு. கோதுமை, பார்லி, பழத்தோட்டம், ஆடுமாடு எல்லாம் உண்டு. தெற்குக் கடலில் ஆர்பர் என்ற தீவு, அங்கிருந்து கண்டத்திலேயே பேர்போன திராட்சை மது. ஆற்றங்கரையில் ஹைகார்டன் கோட்டை, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வெள்ளை மதில்கள். தென்மேற்கு மூலையில் ஓல்ட்டவுன் என்ற பழைய துறைமுக நகரம்.

இந்த வளம் அங்கே ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், வெஸ்டரோஸில் பருவங்கள் வருடக்கணக்கில் நீளும். கோடை சில வருடம், குளிர்காலமும் சில வருடம். எது எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் தானியம் சேர்த்து வைத்திருப்பவன்தான் அடுத்த குளிர்காலத்தில் யார் பிழைப்பார்கள் என்று முடிவு செய்கிறவன். வாள் செய்கிற கொல்லன் எல்லாப் பிரதேசத்திலும் கிடைப்பான். களஞ்சியம் நிரம்பிய பிரதேசம் ஒன்றுதான்.

*

பல்லாயிரம் வருடங்கள் ரீச்சை ஆண்டவர்கள் கார்டனர் வம்சம். கார்த் கிரீன்ஹாண்ட் என்ற ஆதிபுருஷர்தான் மூலவர். அவர் நடந்த இடத்தில் பயிர் முளைத்தது, மரம் காய்த்தது என்று கதை. அவருக்குப் பிள்ளைகள் ஏராளம். அதனால் ரீச்சின் பெரிய குடும்பங்களில் பலரும் தங்களை அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். ஃப்ளோரன்ட், ஓக்ஹார்ட், ரோவன் என்று பட்டியல் நீளும். அந்தஸ்து என்பது அங்கே வம்சாவளிக் கணக்கு. யாருடைய கொள்ளுப்பாட்டி யாருக்கு மகள் என்பதை ஒவ்வொரு பிரபுவும் விரல்நுனியில் வைத்திருப்பான்.

இந்தப் பட்டியலில் டைரெல்கள் எங்கே? அநேகமாகக் கடைசியில். கடல் கடந்து வந்த ஆண்டல் இனத்துப் போர்வீரன் ஒருவனின் சந்ததி அவர்கள். மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, நாளடைவில் ஹைகார்டனின் தலைமைக் காரியஸ்தர் பதவியைப் பரம்பரையாக வாங்கிக்கொண்டார்கள். காரியஸ்தர் என்றால் வரவு செலவு பார்ப்பவர். எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு இருப்பு, எந்தப் பிரபு எவ்வளவு பாக்கி, விருந்துக்கு எத்தனை மாடு என்று எல்லாம் அவர் கணக்கில். பெண்வழியில் எங்களுக்கும் கார்டனர் இரத்தம் உண்டு என்று சொல்வார்கள். கேட்கிற பிரபுக்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

ஆனால் காரியஸ்தர் யார் என்பது ஒரு நெருக்கடியில் தெரிந்தது. பத்தாம் கார்த் என்ற மன்னர் மிக வயதாகி, புத்தி பேதலித்த நிலையிலும் அரியணையில் இருந்தார். மகன் இல்லை. இரண்டு மகள்கள். ஒருத்தியை மணந்தது பீக் குடும்பம், இன்னொருத்தியை மாண்டர்லி குடும்பம். இரண்டு மருமகன் வீடுகளும் அடித்துக்கொள்ள, மற்ற பிரபுக்களும் பக்கம் பிரிந்தார்கள். உள்சண்டையின் நடுவே தெற்கிலிருந்து டோர்ன் நாட்டுப் படை புகுந்தது. ஹைகார்டன் சூறையாடப்பட்டது. உயிர்மரம் போல வளர்ந்து நின்ற ஓக் அரியணையை வெட்டி எரித்தார்கள். கிழ மன்னரைக் கட்டிலில் கட்டிப்போட்ட நிலையில், அழுக்கோடு கண்டெடுத்துக் கழுத்தை அறுத்தார்கள்.

அதன்பிறகு நாட்டைத் தூக்கி நிறுத்தியது ஆஸ்மண்ட் டைரெல் என்ற காரியஸ்தர். சண்டையில் சலித்துப்போயிருந்த மற்ற பிரபுக்களைத் திரட்டி, பீக், மாண்டர்லி இருவரையும் அடக்கி, மன்னரின் தூரத்து உறவினர் ஒருவருக்கு முடிசூட்டினார். தனக்குச் சூட்டிக்கொள்ளவில்லை. மறுபடியும் போய்த் தன் கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்துகொண்டார்.

இதை முதல்முறை வாசித்தபோது எனக்கு எங்கள் தொழில்தான் நினைவுக்கு வந்தது. ஒரு கம்பெனியில் பெரிய தலைகள் எல்லாம் போர்டு ரூமில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, சர்வர் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் எந்த அறிவிப்பிலும் வராது. ஆனால் அவர் ஒரு நாள் லீவு போட்டால்தான் கம்பெனி யாரால் ஓடுகிறது என்று தெரியும்.

*

பிறகு டிராகன்கள் வந்தன. ஏகான் டார்கேரியன் தன் இரு சகோதரிகளோடு, அவர்களே அவர் மனைவிகளும், ஏழு ராஜ்ஜியங்களைப் பிடிக்க இறங்கினார். ரீச்சின் மன்னர் ஒன்பதாம் மெர்ன், மேற்கின் மன்னர் லோரன் லானிஸ்டருடன் கைகோத்தார். இருவருடைய படையும் சேர்ந்து 55,000 பேர். ஏகானிடம் இருந்தது அதில் ஐந்தில் ஒரு பங்கு.

சண்டை நடந்தது திறந்த சமவெளியில். மழை இல்லாத நாட்கள். புல் காய்ந்திருந்தது, கோதுமை விளைந்து அறுவடைக்கு நின்றது. அந்தப் போர் முழுவதிலும் மூன்று டிராகன்களும் ஒன்றாகக் களமிறங்கிய ஒரே இடம் அதுதான். நெருப்பிலேயே 4,000 பேர் செத்தார்கள். வாளிலும் அம்பிலும் இன்னொரு ஆயிரம். தீக்காயம் பட்டவர்கள் பல்லாயிரம். மெர்ன், அவருடைய மகன்கள், பேரன்கள், சகோதரர்கள் எல்லாரும் அந்த வயலிலேயே முடிந்தார்கள். ஒரே ஒரு மருமகன் தீக்காயங்களோடு மூன்று நாள் உயிரோடு இருந்தான். அவனோடு கார்டனர் வம்சம் அற்றுப்போனது. லோரன் லானிஸ்டர் தப்பித்தார். மறுநாள் மண்டியிட்டார், தன் கோட்டையைத் தக்கவைத்துக்கொண்டார்.

ஏகான் ஹைகார்டனுக்கு வந்தபோது கோட்டையில் மன்னரும் இல்லை, வாரிசும் இல்லை. காரியஸ்தர் ஹார்லன் டைரெல் இருந்தார். சண்டை போடாமல் கதவைத் திறந்து சாவியைக் கொடுத்தார். ஏகான் அதைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார். ஹைகார்டன் உனக்கு, மாண்டர் பிரதேசம் முழுவதற்கும் நீ தலைமைப் பிரபு, தெற்கின் காவலனும் நீயே.

கார்த்தின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட பிரபுக்களுக்கு எப்படி இருந்திருக்கும்? முக்கியமாக ஃப்ளோரன்ட்களுக்கு. கார்டனர்களுக்குப் பிறகு ஹைகார்டன் மேல் அதிக உரிமை தங்களுக்குத்தான் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் இருந்தது. 300 வருடம் கழித்தும் அவர்கள் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏகான் ஏன் அப்படிச் செய்தார்? சரணடைந்ததற்குப் பரிசு என்பது மேலோட்டமான பதில். உண்மை வரலாற்றில் இதற்கு நெருக்கமான ஒரு முடிவு இருக்கிறது. கி.மு. 30-இல் எகிப்தைப் பிடித்த அகஸ்டஸ், ரோம் நகரத்துக்குச் சோறு போடப்போகிற அந்த நைல் நதிப் பிரதேசத்தை எந்த செனட்டரிடமும் ஒப்படைக்கவில்லை. செனட்டர்களுக்கு ஒரு படி கீழே இருந்த குதிரைவீரர் வகுப்பிலிருந்து ஒருவரை ஆளுநராக்கினார். முதலில் நியமிக்கப்பட்டவர் கார்னீலியஸ் கேலஸ், ஒரு கவிஞர். அதோடு நிற்கவில்லை. செனட்டர்கள் அனுமதியில்லாமல் எகிப்துக்குள் கால் வைக்கவே கூடாது என்று விதித்தார். காரணம் எளிது. பேரும் பரம்பரையும் உள்ளவன் கையில் தானியமும் போனால் அவன் அடுத்த பேரரசன். கி.பி. 69-இல் வெஸ்பாசியன் அரியணைக்குப் போட்டியிட்டபோது அவர் கையில் எகிப்து இருந்தது. ரோமின் தானியத்தை நிறுத்த முடியும் என்ற பலத்தோடுதான் அவர் காத்திருந்தார். அகஸ்டஸ் பயந்தது சரிதான்.

ஏகானின் கணக்கும் இதுவேதான் என்று நினைக்கிறேன். ஃப்ளோரன்ட் கையில் ஹைகார்டனைக் கொடுத்தால், அது எங்கள் தாத்தா சொத்து என்பான். டைரெலிடம் கொடுத்தால் அது அரசர் போட்ட பிச்சை. சுற்றிலும் பொறாமைப்படுகிற பிரபுக்கள் இருக்கிறவரை அவன் அரியணையைத்தான் அண்டி நிற்க வேண்டும். நின்றார்கள்தான். ஹார்லன் டைரெல் ஏகானுக்காக டோர்ன் பாலைவனத்துக்குள் படை நடத்திப் போனார். அவரும் படையும் மணலில் போன இடம் தெரியவில்லை. பின்னால் லையனல் டைரெல் என்பவர் அதே டோர்னை இன்னொரு அரசருக்காக ஆளப் போய், தேள்கள் கொட்டிச் செத்தார்.

ஆனால் அகஸ்டஸ் செய்த ஒன்றை ஏகான் செய்யவில்லை. எகிப்தின் ஆளுநர்கள் சில வருடத்தில் மாற்றப்படுவார்கள். கேலஸே தலைகால் தெரியாமல் ஆடிப் பதவி போய்த் தற்கொலை செய்துகொண்டார். ஏகானோ சாவியைப் பரம்பரைச் சொத்தாக்கிவிட்டார். எங்கள் வேலையில் இதை அடிக்கடி பார்ப்போம். அவசரத்துக்கு ஒருவருக்கு முழு அனுமதி கொடுப்பார்கள். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது. வருடக்கணக்கில் அது அப்படியே கிடக்கும். ஏதாவது உடையும்போதுதான், ஐயோ இவருக்கு இன்னும் அனுமதி இருக்கா என்று கேட்பார்கள்.

*

காரியஸ்தர்கள் வாளை நம்பவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வேலை இரண்டு: கொடுப்பது, கொடுக்காமல் வைத்திருப்பது. டார்கேரியன்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்ட 'டிராகன்களின் நடனம்' என்ற உள்நாட்டுப் போரில் ஓல்ட்டவுனின் ஹைடவர்கள் ஒரு பக்கம், ரோவன், பீஸ்பரி போன்றவர்கள் மறுபக்கம். ரீச் இரண்டாகக் கிழிந்தது. ஹைகார்டனின் பிரபு அப்போது கைக்குழந்தை. அவன் சார்பில் நிர்வாகம் பார்த்த தாய் எந்தப் பக்கமும் சேரவில்லை. கோழைத்தனம் என்று வாசிக்கலாம். என் கண்ணுக்கு அது கணக்கு.

அடுத்து ராபர்ட்டின் கலகம். மேஸ் டைரெல் அரசர் பக்கம் நின்று, ஸ்டார்ம்ஸ் எண்ட் கோட்டையை ஏறக்குறைய ஒரு வருடம் முற்றுகையிட்டார். மதில் ஏறித் தாக்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். உள்ளே ஸ்டானிஸின் ஆட்கள் குதிரை, நாய், பூனை என்று தின்று கடைசியில் எலிக்கு வந்தார்கள். வெளியே அவர்கள் கண்பார்வையில் டைரெல் பிரபுக்கள் விருந்து நடத்தினார்கள். டாவோஸ் என்ற கடத்தல்காரன் இருட்டில் ஒரு படகு வெங்காயமும் கருவாடும் கொண்டுவந்ததால்தான் கோட்டை பிழைத்தது. போரில் அரசர் தோற்றதும் மேஸ் கொடியைத் தாழ்த்தி மண்டியிட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவர் இழந்தது விருந்துச் செலவு மட்டும்தான்.

மூன்றாவது சம்பவம்தான் என்னை உறுத்துவது. ஐந்து அரசர்களின் போரில் டைரெல்கள் ரென்லியை ஆதரித்து, தலைநகரத்துக்குப் போகிற ரோஜாச் சாலையை மூடினார்கள். கிங்ஸ் லேண்டிங்கில் விலை ஏறியது. ஒரு முலாம்பழம் ஆறு செப்புக்காசு. ஒரு புஷல் தானியம் ஒரு வெள்ளி. ஆறு நோஞ்சான் பன்றிக்குட்டிகள் ஒரு தங்க நாணயம். பிறகு எதற்கும் எதுவும் கிடைக்காத நிலை. அரச குடும்பம் தெருவில் போனபோது ஒரு பெண் செத்துப்போன தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அன்று கலவரம் வெடித்தது. தலைமைக் குருவையே ஜனங்கள் பிய்த்துப் போட்டார்கள்.

ரென்லி கொல்லப்பட்டதும் டைரெல்கள் பேரம் பேசி லானிஸ்டர் பக்கம் வந்தார்கள். தலைநகரத்தைக் காப்பாற்றினார்கள். சாலையைத் திறந்தார்கள். வண்டி வண்டியாக உணவு வந்தது. மார்ஜெரி டைரெல் ஏழைகளுக்குக் கொடுத்தாள், ஊர் அவளைக் கொண்டாடியது. தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவத்தில் ஒரு காட்சி உண்டு. பாட்டி ஒலென்னா உட்கார்ந்தபடி தாங்கள் கொடுத்ததை எண்ணிச் சொல்வாள்: பத்து இலட்சம் புஷல் கோதுமை, 20,000 மாடுகள், 50,000 ஆடுகள். கையில் ஒரு காகிதம் கிடையாது. எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். ஹாஸ்டலை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகியும் அந்தக் காட்சிக்கு நான் கை தட்டினேன்.

அந்த ஊரைப் பட்டினி போட்டவர்களும் சோறு போட்டவர்களும் ஒரே ஆட்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் கதையில் எதுவும் மறைக்கப்படவில்லை. சாலையை மூடியது யார் என்று நாவலில் தெளிவாகவே இருக்கிறது.

உறைத்தது 2015 டிசம்பரில். சென்னை வெள்ளம். நான் இருந்த தெருவில் கரண்ட் இல்லை, போன் இல்லை, இடுப்பளவு தண்ணீர். பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள் என்று பேச்சு. மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் பின்கதவைத் திறந்து பிரட் கொடுத்தார், வழக்கமான விலைக்கே. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்று மூன்று தடவை சொன்னேன். அது முந்தின நாளும் அவரிடம் இருந்ததா, ஏன் திறக்கவில்லை என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். நான் சொல்ல வருவது என்னைப் பற்றி. பசி இரண்டே நாளில் என் கேள்விகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிரட்டைத் தின்றபோதுதான் கிங்ஸ் லேண்டிங் ஜனங்கள் ஏன் மார்ஜெரிக்குப் பூ தூவினார்கள் என்று புரிந்தது. நான் ஏன் கை தட்டினேன் என்பதும்.

*

இன்னொரு விஷயம் சொல்லணும். இந்த வரலாற்றை எழுதியது யார்? வெஸ்டரோஸின் பண்டிதர்களான மேஸ்டர்கள் படிப்பது சிட்டாடலில். சிட்டாடல் இருப்பது ஓல்ட்டவுனில். ஓல்ட்டவுன் இருப்பது ரீச்சில். 2014 புத்தகத்தை எழுதியதாகச் சொல்லப்படுகிற யாண்டெலும், 2018 புத்தகத்தின் கில்டெயினும் அங்கே படித்தவர்கள். ஹைடவர் பிரபுக்கள் ஆதரித்த நகரத்தில், மாண்டர் வயல்களின் கோதுமையைத் தின்று வரலாறு எழுதியவர்கள். அவர்களுக்குக் கார்த்தின் பிள்ளைகள் பெயர் தெரியும். அரியணை எந்த மரத்தால் ஆனது என்று தெரியும். அந்தக் கோதுமையை விதைத்தவர்களில் ஒருவர் பெயர்கூட அவர்கள் பக்கங்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

இத்தனை வளமான பிரதேசத்தில் பிரபுக்கள் யார் பெரியவர் என்று பல்லாயிரம் வருடம் சண்டை போட்டார்கள். உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு ஃப்ளோரன்டிடம் ஒரு பதில் இருந்தது, டைரெலிடம் ஒரு பதில் இருந்தது. இருவர் பதிலிலும் உழுதவன் இல்லை. கடைசியில் ஃப்ளோரன்ட்கள் ஸ்டானிஸ் பக்கம் போய்த் தோற்றார்கள். அவர்களுடைய பிரைட்வாட்டர் கோட்டையையும் டைரெல் வீட்டுப் பையன் ஒருவனுக்கே எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊர் வயல்களில் அதனால் என்ன மாறியிருக்கும்? வரி வாங்க வருகிற வண்டியில் நரி போய் ரோஜா வந்திருக்கும்.

தொலைக்காட்சித் தொடர் டைரெல்களைத் துடைத்துப் போட்டது. 2017-இல் வந்த பருவத்தில் லானிஸ்டர் படை ஹைகார்டனைப் பிடித்தது. தங்கம் வங்கிக் கடனுக்குப் போனது, தானிய வண்டிகளை டிராகன் எரித்தது. 2019-இல், கடைசி அத்தியாயத்தில், ஹைகார்டன் யாருக்குப் போனது தெரியுமா? பிரான் என்ற கூலிப்படைக்காரனுக்கு. வாக்குக் கொடுத்திருந்தார்கள், கொடுத்துவிட்டார்கள். அவனே நாட்டின் நிதியமைச்சரும். பார்த்தவர்கள் பலரும் இது அபத்தம், கதையைக் கெடுத்துவிட்டார்கள் என்று திட்டினார்கள். கதையின் மற்ற இடங்களைப் பற்றி எனக்கும் புகார்கள் உண்டு. ஆனால் இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பரம்பரை இல்லாத, அரசருக்குக் கடன்பட்ட ஒருவனிடம் மறுபடியும் அதே சாவி. ஹார்லன் டைரெல் கதவைத் திறந்த அன்று நடந்ததும் இதுதான். பிரானின் பேரன் கொடியில் ஒரு பூவைப் போட்டுக்கொண்டால், 300 வருடத்தில் அதுவும் தொன்மையான வம்சம்தான்.

போன மாதம் பழைய ஹாஸ்டல் நண்பன் ஒருவன் அழைத்தான். பேச்சு எங்கெங்கோ போய் இங்கே வந்தது. "நீ இன்னும் பூ கட்சிதானா?" என்று கேட்டான். இல்லைடா என்றேன். அப்போ எந்தக் கட்சி என்றான். எனக்கு அந்தச் சமவெளிதான் ஞாபகம் வந்தது. டிராகன்கள் இறங்கிய அன்று விளைந்து நின்றதே, அந்தக் கோதுமை. செத்த வீரர்கள் 4,000 என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். மன்னரின் மருமகன் எத்தனை நாள் உயிரோடு இருந்தான் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அறுக்கத் தயாராக இருந்த அந்த வயல் யாருடையது, அந்தக் குளிர்காலத்தை அந்த வீட்டில் எப்படிக் கழித்தார்கள் என்று ஒரு வரியும் கிடையாது. அந்த வயல்காரன் கட்சி என்றேன். அவனுக்குக் கொடி என்ன என்று கேட்டான். தெரியலை, யாரும் எழுதி வைக்கலை என்றேன்.